நீ ஆடியதை நான் பார்க்காத பதினொரு வருடங்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது நீ மேசையில் இரண்டு ரிக்கெற்றுகளை எடுத்து வைத்தாய். ஒன்று அப்பாவுக்கு, மற்றது நீ கட்டப்போகிற சுகன்யாவுக்கு. வருகிற சனிக்கிழமை நீ ஆடுவது கடைசி ஐஸ் ஹொக்கி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் கலியாணம், அதன் பிறகு பார்க்கிங் என்கிற ஊரில் பள்ளிக்கூட வேலை. சுகன்யா ரிக்கெற்றுகளைப் பார்த்துவிட்டு, "மூண்டாவது எங்கை?" என்று கேட்டாள். "அம்மாவுக்குக் குளிர் ஒத்துவராது" என்றாய் நீ. அந்தப் பிள்ளை விடவில்லை. "மாமி, ரெண்டு கோட் போட்டுக்கொண்டு வாங்கோவன். நான் போர்வையும் கொண்டு வாறன்." நீ சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாய். "அமெரிக்காவில ஆறு வருசம், இஞ்ச ரெண்டு வருசம். ஒரு மட்ச்சுக்குத்தன்னும் வந்தவவோ எண்டு கேளும். நான் கேட்டு அலுத்துப்போனன்." நான் ரசம் எடுக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றபோதுதான், உன் சிரிப்பில் சிரிப்பே இல்லை என்பது எனக்குப் பிடிபட்டது. அப்பா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு உண்மை தெரியும். உனக்குத்தான் தெரியாது. நேரே சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன், அழுதால் நீ என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய், சொல்லவேண்டியது நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். குளிர் எனக்கு ஒருநாளும் ஒத்துவராமல் போனதில்லை. பதினொரு வயதில் நீ பள்ளிக்கூடத்தோடு முதல்முதலாக அந்தப் பனித்தளத்துக்குப் போய்விட்டு வந்து, "அம்மா, அங்க ஆக்கள் தடியோட பறக்கினம்" என்று சொன்ன நாளை நினைத்துப் பார். அப்பா சிரித்தார். "தடியோட ஓடிறதுக்கு லண்டனுக்கு வரவேணுமே?" ஆனால் அடுத்த கிழமையே ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், அடியில் இரும்புத் தகடு வைத்த, இரண்டு அளவு பெரிய பனிச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தவரும் அவர்தான். மூன்று சோடி காலுறை போட்டுக்கொண்டு நீ விழுந்து விழுந்து பழகினாய். நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. நூலகத்துக்குப் போய் ஐஸ் ஹொக்கி பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் எடுத்து வந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்து, ஒரு கொப்பியில் குறிப்பு எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், ஒருவன் வலையைக் காப்பவன், இருவர் பின்னுக்கு நிற்பவர்கள், மூவர் முன்னுக்குப் போகிறவர்கள். ஒரு நிமிடம்கூட ஓடியிருக்க மாட்டார்கள், களைத்துப்போய் ஆள் மாற்றுவார்கள். கெட்டிக்காரர் முதலாவது வரிசை, மற்றவர்கள் நாலாவது வரிசைவரை. நீ முன்னுக்குப் போகிறவன் என்று கோச் சொன்ன அன்று, அந்தச் சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

நாலு வருடம் ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தடித்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், என் மூக்குக்கண்ணாடியில் புகார் படியப் படியத் துடைத்துக்கொண்டு, மடியில் கொப்பியை வைத்து நீ எத்தனை தரம் உள்ளே போகிறாய், ஆருக்குக் குடுக்கிறாய் என்று எழுதுவேன். மற்றத் தாய்மார் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். நான் "இடப்பக்கம் ஆளில்லை! இடப்பக்கம்!" என்று தமிழில் கத்துவேன். மற்றப் பக்கத்து ஆக்களுக்கு விளங்காது என்பதால் அது நல்ல வசதி என்று உன் கோச்கூட ஒருமுறை சொன்னார். அவர் கனடாக்காரர், பெரிய குரல், சின்ன உடம்பு. நீ பனியில் திரும்புகிற அந்த நொடி, உடம்பு ஒரு பக்கம் சரிந்து, விழப்போகிறாய் என்று நினைக்கும்போது விழாமல் இன்னும் வேகமாகப் போவாய். வேலை, வீட்டுச் சாமான், கவுன்சில் கடிதம், ஊரிலிருந்து வராத தபால் எல்லாம் அந்த ஒரு நொடியில் என் தலையிலிருந்து இறங்கிவிடும். எனக்கென்று அந்தக் காலத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

உன் பதினைந்தாவது வயதில் அந்த ஒக்டோபர் சனிக்கிழமை வந்தது. ஆட்டம் முடிந்து நீ ஆட்டக்காரர் இருக்கிற ஓர வாங்கில் இருந்தபடி ஹெல்மெற்றைக் கழற்றினாய். பனியில் இரண்டு பெடியன்கள் வட்டை விளையாட்டுக்கு வலைக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து உன் இடது கண்ணில் அடித்தது. நான் பத்தடி தூரத்தில் கொப்பியை மூடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் உன் இரண்டு கண்ணையும் கட்டி, அசையாமல் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குள் இரத்தம் நிற்கிறது, ஐந்து நாள் போனால்தான் சொல்லலாம் என்றார்கள். அப்பா ஷிப்ட்டை மாற்ற ஏலாமல் வேலைக்குப் போனார். நான் உன் கட்டிலோடு இருந்தேன். "அம்மா, பகலோ இரவோ?" என்று நீ கேட்டாய். பகல் என்றேன். அன்று நான் முருகனிடம் நேர்த்தி வைத்தேன். இவன் கண்ணைத் தா, இனி இவன் அந்தப் பனியில் கால் வைக்கமாட்டான் என்று.

கண் வந்தது. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, ஆறு கிழமை ஓய்வு, பிறகு முகத்துக்குக் கம்பி போட்ட ஹெல்மெற்றோடு தாராளமாக விளையாடலாம் என்றார். நான் உள்ளே வந்து உன்னிடம் சொன்னது வேறு. "தம்பி, இனி விளையாடக்கூடாதாம். டொக்டர் சொல்லிப்போட்டார்." அப்பாவிடமும் அதையே சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான், அது என் வாயில் தடக்காமல் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த நாலு மாதமும் நீ எப்படி இருந்தாய் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சத்தம் போடாத பிள்ளையாகிவிட்டாய். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாய். வரும்போது உன் கை சில்லிட்டிருக்கும். ஒருநாள் பின்னால் வந்து பார்த்தேன். ஆட்டக்காரர்கள் பனிக்குள் இறங்குகிற சின்னக் கதவு இருக்கிறதே, அதைத் திறந்து மூடுகிற வேலையை நீ கேட்டு வாங்கியிருந்தாய். ஒவ்வொருவனாக உன்னைக் கடந்து இறங்கினான். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பனியில் கால் வைக்கவில்லை. என் நேர்த்தி முறியவில்லை. நான் வீட்டுக்கு வந்து அடுப்பில் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்துபோனேன்.

தை மாதத்தில் ஸ்னோ கொட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் நீயும் அப்பாவும் என்னைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தீர்கள். விடிய எழும்பிப் பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை. முருகனிடம் சொன்னது பனி. தெருவில் கிடப்பதும் பனி. இது கணக்கில் வருமா வராதா? ஆரைக் கேட்பது? சமையல் உப்பு முழுவதையும், பக்கத்துக் கடையில் வாங்கிய மூன்று பைக்கற்றையும் கொட்டி, வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம்வரை நான் சவளால் பனியை அள்ளி வழித்துக்கொண்டு போனேன். அப்பா யன்னலால் தலையை நீட்டி, "இஞ்சாரும், கவுன்சிலில தெருக் கூட்டிற வேலை கிடைச்சிட்டுதோ?" என்று கத்தினார். நீ அன்று மூன்று மாதத்தில் முதல்தரமாகச் சிரித்தாய். நான் ஏன் வழித்தேன் என்பது இப்போது உனக்கு விளங்கும்.

மாசியில் கடைசித் தரம் கண்ணைக் காட்டப் போனோம். டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு. பிறகென்ன, ஆட்டம் எப்படிப் போகுது?" என்று உன்னிடம் கேட்டார். நீ அவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "இன்னும் தொடங்கேல்லை" என்று மட்டும் சொன்னாய். அவர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை நீ. பஸ்ஸில் மேல்தட்டில் போய் இருந்தோம். ஸ்ட்ராற்ஃபோர்ட் தாண்டியது. பிறகு கேட்டாய்: "அம்மா, டொக்டர் சொன்னது விளங்காமல் சொன்னனீங்களோ, விளங்கித்தான் சொன்னனீங்களோ?"

"விளங்கித்தான்."

"ஏன்?"

"பயத்தில."

நீ யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கும் பயம்தான். ஆனால் என்ர பயத்தை நானே பாத்திருப்பன்."

அப்போதே நேர்த்தியைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொல்லியிருந்தால் நீ அதைக் காத்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். அம்மா கடவுளுக்குக் குடுத்த வாக்கு என்று, வாயே திறக்காமல் வாழ்நாள் முழுக்க அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் "போய் ஐயரைக் கேளும்" என்றார்.

கோயில் அந்தக் காலத்தில் ஒரு பழைய மண்டபத்தில் இருந்தது. ஐயர் மாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐஸிலயோ? ஐஸுக்கு மேல என்னம்மா விளையாட்டு?" என்றார். அதையும் விளங்கப்படுத்தினேன். மூன்று பேர் முன்னுக்குப் போவது வரைக்கும் சொன்னேன். அவர் நூலை முடிந்துவிட்டுச் சொன்னார்: "விளையாடுறது பிள்ளை. ஆசை பிள்ளையின்ர. நேர்த்தி வைச்சது நீங்கள். பக்கத்து வீட்டுக்காரன்ர மாட்டை அவிட்டுக்கொண்டு வந்து கோயிலுக்கு விட்டால் சாமி வாங்குமோ? பிள்ளையின்ரயைத் திருப்பிக் குடுங்கோ. உங்கட ஏதாவதை வையுங்கோ."

"எவ்வளவு பெரிசா வைக்கவேணும் ஐயா?"

"நீங்கள் எடுத்தது அவனுக்கு எவ்வளவு பெரிசோ, அவ்வளவு பெரிசா."

காப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. காப்பில்லாமல் நான் சுகமாக இருப்பேன். உனக்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக என்னிடம் இருந்தது ஒன்றுதான், நான் மேலே சொன்னேனே, நீ பனியில் திரும்புகிற அந்த நொடி. சந்நிதியில் நின்று சொன்னேன்: அவன் ஆடட்டும், அவன் ஆடுகிற காலம் முடியும்வரை அவன் ஆட்டத்தை நான் என் கண்ணால் பார்க்கமாட்டேன். அடுத்த சனிக்கிழமை நீ கம்பி போட்ட ஹெல்மெற்றோடு பனியில் இறங்கினாய். அப்பா பார்த்தார். நான் வீட்டில் இருந்தேன். ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது குளிர் என்றேன். அது அவசரத்தில் வாயில் வந்த சாட்டு. அதற்குப் பதினொரு வருட ஆயுள் என்று நான் நினைக்கவில்லை.

நான் உன் ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. அப்பா வந்ததும் குசினி மேசையில் மட்ச் நடக்கும். மஞ்சள், மிளகாய், சீரகம் போட்டு வைக்கிற தகரப் பேணிகள் உன் பக்கம். தேத்தண்ணிக் கோப்பைகள் மற்றப் பக்கம். நடுவில் வட்டுக்குப் பதிலாக ஒரு மைசூர்ப் பருப்பு. "இவன்தான் உம்மட மகன்" என்று மிளகாய்ப் பேணியை நகர்த்துவார். "இப்பிடி வந்தவன், இவனுக்குக் குடுத்தவன், திருப்பி வாங்கி அடிச்சவன்." "பொறுங்கோ, அந்த நேரம் பின்னுக்கு நிண்டவர் எங்கை?" என்று நான் கேட்பேன். "எனக்கென்ன தெரியும், நான் உம்மட மகனைத்தான் பாத்தனான்." "எல்லாரையும் பாத்தால்தானே எனக்கு விளங்கும்!" பாவம் மனிசன், என்னால் அவர் மற்றப் பக்கத்து ஆட்டக்காரரையும் பார்க்கப் பழகினார்.

உன் கோச் தனக்குத் தெரிந்த அமெரிக்கக் கல்லூரிக்கு எழுதி, அவர்கள் உதவிப்பணத்தோடு இடம் தந்தபோது, நீ பெட்டியோடு போனாய். முதல் வருடம் பெரும்பாலும் ஆடவிடாமல் வாங்கில்தான் இருத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில், "நாலாவது வரிசையிலதான் விடுறாங்கள் அம்மா, அதுவும் ரெண்டு நிமிசம்" என்பாய். நான் அதற்குள் நூலகத்தில் இன்னும் நாலு புத்தகம் முடித்திருந்தேன். "அந்த ரெண்டு நிமிசத்தில அடிக்கப் பாக்காதை, மற்றவன்ர கையில இருந்து பறிக்கப் பார். முதலாவது ஆளாப் போய் நெருக்கு" என்றேன். நீ திகைத்துப்போய், "அம்மா, ஒரு மட்ச் பாக்காமல் இதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?" என்றாய். மூன்றாம் வருடம் முதலாவது வரிசையில் ஆடினாய். ஆடின மட்ச்சுகளை வீடியோ கசெற்றில் அனுப்பினாய். கசெற்றில் பார்த்தாலும் பார்த்ததுதானே என்று பயந்து, அப்பாவை முன்னறையில் விட்டுவிட்டு நான் மாடியில் இருந்தேன். அவர் சிரிப்பதும் மேசையில் தட்டுவதும் கேட்கும். படிகளில் நாலாவது படிவரைக்கும் இறங்கி வந்திருக்கிறேன். அதற்குக் கீழே இறங்கவில்லை.

படிப்பு முடித்து அங்கேயே சம்பளத்துக்கு ஆடின காலம் உனக்குக் கஷ்டமான காலம். ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போய், இறங்கி ஆடி, திரும்ப பஸ்ஸில் ஏறுகிற சின்ன லீக். இரண்டு பல்லுப் போனது. தோள் மூட்டு இரண்டுதரம் விலகியது. இரண்டாம் வருடத்து மார்கழியில் மனேஜர் காலமை கூப்பிட்டு, உன் அலுமாரியைத் துப்புரவாக்கிவிட்டுக் கழகத்தை விட்டுப் போகச் சொன்னார் என்று ரெலிபோன் எடுத்துச் சொன்னாய். உன் குரல் எட்டு வயதுக் குரல்போல இருந்தது. உனக்கு என்ன தேறுதல் சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது நீயே சொன்னாய்: "பரவாயில்லை அம்மா. இங்கிலாந்தில ஒரு கழகம் கேக்குது. கிட்டவந்தால் நீங்களும் வந்து பாக்கலாம்." தம்பி, அந்தக் கடைசி வசனத்துக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன்.

இத்தனை வருடமும் நான் ஒரு பெரிய தியாகம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் நின்றபோது அந்தப் பெருமை உடைந்தது. ஐயர் என்ன சொன்னார்? பிள்ளையின்ரயை வைக்காதையுங்கோ, உங்கடயை வையுங்கோ என்றார். நான் என்னுடையது என்று நினைத்துக் குடுத்ததில் பாதி உன்னுடையது. நான் உன்னைப் பார்ப்பது எனக்கு எவ்வளவோ, தாய் பார்க்கிறாள் என்பது உனக்கும் அவ்வளவு. கோல் அடித்துவிட்டு மேலே பார்க்கிற பிள்ளைக்கு அங்கே ஆள் இருக்கவேண்டும். ஒரு பிழையைத் திருத்தப்போய் அதே பிழையை இரண்டாம் தரமும் செய்தேன். இரண்டு தரமும் உன்னைக் கேட்கவில்லை.

கலியாணம் கட்டப்போகிற உனக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். சுகன்யாவுக்காக எதை விட்டாலும் அவளிடம் சொல்லிவிட்டு விடு. சொல்லாமல் விட்டால் அவள் வேறு காரணத்தை நினைத்துக்கொள்வாள், நீ என்னைப்பற்றி நினைத்ததுபோல. அவளுக்குப் பயமென்றால் அவள் பயத்தை அவளே பார்க்கட்டும், நீ பக்கத்தில் நில். அவள் எதையாவது உன்னிடம் மறைத்தாளென்று தெரியவந்தால், அன்றைக்கு பஸ்ஸில் நீ கேட்டதுபோல மெதுவாகக் கேள். அந்த மெதுவான கேள்வியால்தான் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்தது. உனக்குப் பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது வேகமாகப் போகத் தொடங்கினால், உனக்கும் என்னைப்போலவே நடுங்கும். நடுங்கிக்கொண்டே பார்.

இனிச் சனிக்கிழமை. நேர்த்தியை முறித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருக்கத்தான் முதலில் நினைத்தேன். திங்கள் முழுக்க அதையே யோசித்தேன். எனக்குத் துணிவில்லை, தம்பி. படித்தவர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரிக்கலாம். ஆனால் பதினொரு வருடம் உன் கண் நல்லாக இருந்தது. இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது நான் வாக்கு மாறமாட்டேன். ஆனால் நான் முருகனிடம் சொன்னது நீ ஆடுகிற காலம் முடியும்வரை என்றுதான். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நான் குடுக்கவில்லை, குடுக்கவும் மாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், மூன்றாவது ரிக்கெற் அவர் வாங்கிவிட்டார். ஆட்டத்தின் மூன்று பகுதியும் நான் வெளிநடையில், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். உள்ளே சனம் கத்துவது கேட்கும், அது உனக்காகவா மற்றவனுக்காகவா என்று நான் எப்படியும் கண்டுபிடிப்பேன். கடைசிச் சைரன் ஊதினதும் ஆட்டம் முடிந்துவிடும். உன் ஆட்டக்காலமும் முடிந்துவிடும். அப்பா சுகன்யாவிடம் சொல்லிவைப்பார், அவள் கதவைத் திறப்பாள், நான் உள்ளே வருவேன்.

நீ வென்றாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றுதான். கை குடுத்து முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து உடுப்பு மாற்றப் போய்விடாதே. பனியிலேயே நில். எனக்குப் படி இறங்கி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் கண்ணாடித் தடுப்புக்குக் கிட்ட வந்ததும் நீ ஒரு சுற்றுப் போ, தம்பி. தடி வேண்டாம், வட்டு வேண்டாம். அந்த மூலையில் திரும்பும்போது மட்டும் வேகத்தைக் குறைக்காதே.

அம்மா